விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் தீராத குறைகள்: வாங்கும் முன் கண்டுபிடிக்கவும் வாங்கிய பின் சமாளிக்கவும் ஒரு முழு வழிகாட்டி

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பேரிங். போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2005 வரை வந்த எம்96 வகை என்ஜினுக்குள் அது இருக்கிறது. கிராங்க்‌ஷாஃப்டின் சுழற்சியை வாங்கி கேம்‌ஷாஃப்டுகளுக்குக் கொடுக்கும் இடைத் தண்டைத் தாங்குவதுதான் அதன் வேலை. பேரிங்கின் விலை பெரிய தொகை இல்லை. ஆனால் அதை எட்ட கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்னது போல இருக்கும். மாற்றாமல் விட்டு ஓடும்போது அது உடைந்தால் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, முழு என்ஜினும் போய்விடும்.

இந்த வகைக் கார்களில் செகண்ட் ஹேண்ட் வாங்க நினைக்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பிரபலமான ஸ்போர்ட்ஸ் கார் ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த ஒரு நோய் இருக்கிறது. பெயிண்ட் பளபளப்பும் ஓடிய கிலோமீட்டரும் அந்த நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. நோயின் பெயர் தெரிந்து போனால் அரை மணி நேரத்தில் பாதி உண்மை தெரிந்துவிடும். தெரியாமல் போனால் காரின் விலையில் பாதியை ரிப்பேருக்குக் கொட்ட நேரலாம்.

தேய்மானம் வேறு, வயது வேறு, குறை வேறு

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கிளட்ச், பிரேக், டயர் தேய்வது தேய்மானம். ரப்பர் வெடிப்பதும், பழைய இத்தாலியக் கார்களில் உள்ளே இருக்கும் பட்டன்கள் பிசுபிசுவென ஒட்டுவதும் வயது. அந்தப் பட்டன்களின் மேல்பூச்சு காலப்போக்கில் இளகிவிடுவதுதான் அதற்குக் காரணம். நன்றாகப் பராமரித்த காரிலும் வருவதுதான் வடிவமைப்புக் குறை. ஒருவர் ஆயிலை நேரத்துக்கு மாற்றி, மெதுவாக ஓட்டி, ஷெட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்தாலும் அது வரலாம். "நான் ரொம்ப நல்லா வெச்சிருந்தேன்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அது மட்டும் போதாது.

ஏன் இத்தனை விலை கொடுக்கும் காரில் இப்படி? லட்சக்கணக்கான எண்ணிக்கையில் விற்கும் காரில் ஒரு குறை வந்தால் சில மாதங்களில் ஆயிரம் பேர் சொல்லிவிடுவார்கள். சில ஆயிரம் மட்டுமே விற்று, வருடத்துக்குக் கொஞ்ச தூரம் மட்டுமே ஓடும் காரில் அந்தக் குறை தெரியவரவே பல வருடம் ஆகும். அப்புறம் வெப்பம். இருக்கைக்குப் பின்னால் இறுக்கமாக அடைத்து வைத்த பெரிய என்ஜினின் சூடு போக வழி குறைவு. இடமும் குறைவு என்பதால், ஒரு சின்னக் குழாயை மாற்றக்கூட என்ஜினை இறக்க வேண்டியிருக்கும்.

படி 1: மாடல் பெயரை விட்டு என்ஜின் பெயரைப் பிடியுங்கள்

"911 நல்ல காரா?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எந்தத் தலைமுறை, எந்த வருடம், எந்த என்ஜின் என்று கேட்டால்தான் விடை உண்டு. 911-இன் ஒரே 996 தலைமுறையில் சாதாரண மாடலான கரேராவில் எம்96 என்ஜின். டர்போ, ஜிடி3, ஜிடி2 மூன்றிலும் பந்தயக் கார்களின் வழியில் வந்த, மெட்ஸ்கர் எனப்படும் வேறு என்ஜின். முன்னதில் இடைத்தண்டு பேரிங் கவலை. பின்னதில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அதில் கூலன்ட் குழாய்களின் இணைப்புகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வருடங்கள் கழித்துப் பசை விட்டுப்போனால், ஓடும்போதே கூலன்ட் மொத்தமும் சாலையில் கொட்டும். அது பின் டயர்களிலும் படலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இணைப்புகளை வெல்டிங் செய்வதோ உலோக ஊசி (pin) வைத்து இறுக்குவதோதான் தீர்வு. அதற்கு என்ஜினை இறக்க வேண்டும்.

எம்96-இலேயே வருட வித்தியாசம் உண்டு. ஆரம்பகாலத்தில் இரட்டை வரிசை பேரிங், 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். அதிகம் பயப்பட வேண்டியது இந்த ஒற்றை வரிசைதான். அமெரிக்காவில் இது வழக்காகி 2013-இல் சமரசத்தில் முடிந்தபோது, அதில் சேர்க்கப்பட்டவை 2001 முதல் 2005 வரையிலான கார்கள். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பெரிய பேரிங் போட்டார்கள். அது எளிதில் உடைவதில்லை, ஆனால் என்ஜினைப் பிளக்காமல் அதை மாற்றவும் முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த புது என்ஜினில் இடைத்தண்டே கிடையாது.

மற்ற கார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்பவை இவை.

பிஎம்டபிள்யூ எம்3-இல் 2007 முதல் 2013 வரை வந்த வி8 என்ஜின், எம்5-இல் 2005 முதல் 2010 வரை வந்த வி10 என்ஜின் இரண்டிலும், பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் சீக்கிரம் தேய்கின்றன. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விட்ட இடைவெளி குறைவு, போட வேண்டிய ஆயிலோ கெட்டியான 10டபிள்யூ-60. குளிர்ந்த என்ஜினில் அந்த ஆயில் இடுக்குக்குள் போகும் முன்பே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உலோகமும் உலோகமும் உரசும். அதற்கு முந்தைய இ46 தலைமுறை எம்3-இல் இதே பேரிங் பிரச்சினையோடு, பின் சப்ஃப்ரேம் (பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடத்தில் தரைத் தகடு விரிசல் விடுவதும் சேர்ந்துகொள்ளும்.

ஃபெராரி எஃப்355-இல் வால்வு கைடுகளும் (வால்வு ஏறி இறங்கும் குழல்கள்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) தொல்லை. எஃப்430-இல் டைமிங் பெல்ட் போய் சங்கிலி வந்துவிட்டது, நிம்மதி. ஆனால் மேனிஃபோல்ட் விரிசல் தொடர்ந்தது. வெப்பத் தடுப்புத் தகடு மூடியிருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, குளிர்ந்த என்ஜினில் 'டிக் டிக்' என்ற சத்தமாகத்தான் வெளிப்படும். கார்வெட் இசட்06-இல் 2006 முதல் 2013 வரை வந்த 7 லிட்டர் எல்எஸ்7 என்ஜினிலும் வால்வு கைடு தேய்மானம்தான். அதில் வால்வு முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் என்ஜின் அங்கேயே முடிந்தது. மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் 6.2 லிட்டர் எம்156 என்ஜினில் ஆரம்ப வருடங்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் அரித்து முறிந்து, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும்.

உங்கள் காரின் நோய் இந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அந்த என்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த என்ஜின் உங்ககிட்ட வந்தா, பெரும்பாலும் எதுக்கு வரும்?" அவர் தயங்காமல் சொல்லும் முதல் பதில்தான் நீங்கள் தேடுவது.

படி 2: காகிதத்தைக் கேளுங்கள்

"அந்த வேலையெல்லாம் முடிஞ்சுது" என்ற வாய்வார்த்தை எதற்கும் ஆகாது. பில் வேண்டும். பில்லில் தேதி, காரின் கிலோமீட்டர், சேஸிஸ் எண், மாற்றிய பாகத்தின் எண் நான்கும் இருக்க வேண்டும். பேரிங் மாற்றியிருந்தால் எந்த வகை பேரிங் என்பதும் தெரிய வேண்டும். மாற்றுப் பேரிங்குகளில் சிலவற்றுக்கும் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற கெடு உண்டு.

சேஸிஸ் எண்ணைக் கொண்டு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே கார்களைத் திரும்ப அழைப்பது) நிலவரத்தையும் கேட்டுவிடுங்கள். ரீகால் என்றால் கார் மோசம் என்று பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததா என்பதே கேள்வி. 2010-இல் ஃபெராரி 458 இட்டாலியாவின் சக்கர வளைவில் வெப்பத் தகட்டை ஒட்டிய பசை தீப்பிடித்ததால் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2014-இல் போர்ஷே 911 ஜிடி3-இல் கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து தீப்பிடித்தது. அதுவரை தயாரித்த 785 கார்களிலும் என்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள். அதே 2014-இல் ஆஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆக்ஸிலரேட்டர் பெடலின் கையில் போலி பிளாஸ்டிக் கலந்திருந்ததுதான் காரணம். இத்தகைய வேலைகள் கம்பெனி செலவில் நடப்பவை, முடித்ததற்கு ஆதாரம் கம்பெனியிடமே இருக்கும்.

படி 3: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நண்பர் ஒருவருக்காக நான் ஒரு கார் பார்க்கப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, "உங்களுக்காக சூடாக்கி வெச்சிருக்கேன்" என்றார் விற்பவர். சத்தம் அருமையாக இருந்தது. நண்பருக்குக் காரின் மேல் கண் வந்துவிட்டது. நான் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பி, மறுநாள் காலை சொல்லாமல் போய் நின்றேன். என்ஜின் மூடியில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாளம் தப்பாத ஒரு தட்டல் கேட்டது. சூடேறச் சூடேற அது கரைந்து காணாமல் போனது. முந்தின நாள் எங்களுக்குக் கேட்காமல் போனது அதுதான். நண்பர் அந்தக் காரை வாங்கவில்லை.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஆள் ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். முதல் நொடியில் வரும் நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். புகைக் குழாய்களின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு கரி என்றால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கரியாக இருந்தால், அந்தப் பக்க சிலிண்டர் ஒன்று கீறியிருக்கலாம். 996-க்கு அடுத்து வந்த 997 தலைமுறை கரேராவிலும் அதே காலத்து பாக்ஸ்டர், கேமன் எஸ் மாடல்களிலும் சிலிண்டர் சுவர் கீறல் பேரிங்கைவிடப் பெரிய தொல்லை.

படி 4: ஆயில் ஃபில்டரைப் பிரியுங்கள்

எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை வேறில்லை. விற்பவர் ஒப்புக்கொண்டால், புது ஃபில்டரும் ஆயிலும் உங்கள் செலவில் போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

காகித ஃபில்டர் என்றால் கத்தியால் மடிப்புகளை இரு ஓரத்திலும் வெட்டி, பாவாடைக் கொசுவத்தைப் பிரிப்பது போல நீளமாக விரித்து, ஆயில் வடியும்வரை விடுங்கள். உலோக டப்பா வகை என்றால் அதற்கென்று உள்ள கட்டரால்தான் திறக்க வேண்டும். ரம்பம் போட்டால் ரம்பத்தின் துகளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். விரித்த காகிதத்தை வெயிலில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல என்ஜினின் காகிதம் வெறும் பழுப்பாக இருக்கும், ஒன்றிரண்டு புள்ளி மின்னினால் கவலை இல்லை. மடிப்புக்கு மடிப்பு மினுமினுத்தால் அடுத்து காந்தத்தை எடுங்கள்.

காந்தத்தை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காகிதத்தின் மேல் ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் துகள் எஃகு. எம்96-இல் அப்படி வந்தால் இடைத்தண்டு பேரிங்கின் மேல்தான் முதல் சந்தேகம். காந்தத்துக்கு அசையாத வெள்ளித் துகள் அலுமினியமாக இருக்கலாம், அது பிஸ்டன் அல்லது சிலிண்டர் பக்கம் கை காட்டும். செம்பு நிறத்தில், காந்தத்தில் ஒட்டாமல் மின்னுவது ராட் பேரிங்கின் உள்ளடுக்கு. பழுப்புநிற பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தால் அவை டைமிங் சங்கிலி உரசி ஓடும் கைடிலிருந்து வந்தவை.

அதே ஆயிலில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, ஈயம், அலுமினியம் எவ்வளவு என்று எண்ணாகத் தெரியும். முந்தைய அறிக்கைகள் இருந்தால் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போகிறதா என்பதே முக்கியம். ஆயில் போட்டு நூறு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தால் அந்த அறிக்கையை நம்ப வேண்டாம்.

படி 5: கேமராவும் கணினியும்

ஸ்பார்க் பிளக் துளை வழியே சின்ன கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். பல என்ஜின்களில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும், அது சகஜம். மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போலக் கோடு இருந்தால் அது கீறல். பிளக் துளை வழியே சுவரின் கீழ்ப்பகுதி சரியாகத் தெரியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் அடியிலுள்ள ஆயில் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். கூலி கூடும், ஆனால் என்ஜின் ஓவர்ஹால் செலவுக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

காரின் கணினியில் பிழைக் குறியீடுகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பல கார்கள் என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் பதிந்து வைக்கும். கிலோமீட்டரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 60,000 கிலோமீட்டர், 1,500 மணி என்றால் 40. நம்பலாம். 20,000 கிலோமீட்டருக்கு அதே 1,500 மணி என்றால் சராசரி 13-தான். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டிய இடம் அது. போர்ஷேக்களில் 997 முதல் என்ஜின் எல்லை மீறிச் சுழன்றதை ஆறு வகையாகப் பிரித்து, எந்த மணியில் நடந்தது என்பதோடு வைத்திருப்பார்கள். முதல் இரண்டு வகைகளில் எண்ணிக்கை இருப்பது சகஜம். மேல் வகைகளில், அதுவும் சமீப மணிகளில் இருந்தால் யாரோ வேகத்தில் தவறான கியருக்கு இறக்கியிருக்கிறார்கள்.

ஃபெராரியின் எஃப்1, லம்போர்கினியின் இ-கியர் போன்ற ஒற்றைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்களில் கிளட்ச் தேய்மானத்தைக் கணினியே சதவீதமாகச் சொல்லும். ரிவர்ஸில் ஏற்றத்தில் நிறுத்துவதும் நெரிசலில் ஊர்வதும்தான் அவற்றின் எமன். கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் தட்டின் தடிமனோடு எடையும் முக்கியம். குறைந்தபட்ச எடை தட்டிலேயே பொறித்திருக்கும். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும். தேயாத டயராக இருந்தாலும் பத்து வருடப் பழசு என்றால் அதில் வேகம் போகக் கூடாது.

படி 6: செலவை மணிக்கணக்கில் போடுங்கள்

பாகத்தின் விலையைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். "இதை எட்ட எதையெல்லாம் கழற்றணும், எத்தனை மணி வேலை?" என்று கேளுங்கள். கூலி அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு முறை திறந்தால் அந்தப் பாதையில் இருக்கும் எல்லாவற்றையும் முடித்துவிடுவதே புத்திசாலித்தனம். எம்96-இல் கிளட்ச் மாற்றும்போதே இடைத்தண்டு பேரிங், கிராங்கின் பின்பக்க சீல், ஆயில் பிரிப்பான் மூன்றையும் சேர்த்துவிட வேண்டும். எஃப்355-இல் பெல்ட்டுக்காக என்ஜின் இறங்கினால் டென்ஷனர், வாட்டர் பம்ப், ரப்பர் குழாய்கள், மேனிஃபோல்ட் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எம்3 வி8-இன் ராட் பேரிங்குக்கு என்ஜினை இறக்கத் தேவையில்லை. முன் சப்ஃப்ரேமையும் ஆயில் தொட்டியையும் கழற்றிக் கீழிருந்தே மாற்றலாம். கூடவே என்ஜின் மவுன்ட்டும் மாறட்டும்.

இன்னொன்று: கம்பெனி சொல்லும் தீர்வு மட்டுமே தீர்வு என்று எண்ணிவிடாதீர்கள். ஃபெராரி 458, கலிஃபோர்னியா கார்களின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்குள் ஒரு சென்சார் பழுதானால், முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்ன காலம் இருந்தது. பிற்பாடு வெளி ஒர்க்‌ஷாப்கள் சென்சாரை மட்டும் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். செலவு பல மடங்கு குறைந்தது. பெரிய எஸ்டிமேட் வந்தால் இரண்டாவது ஆளிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விலை பேசும்போது இரண்டே கணக்கு. நோய்க்கு வைத்தியம் பில்லோடு முடிந்திருந்தால் கேட்கும் விலைக்குப் பக்கத்தில் போகலாம். முடியவில்லை என்றால் அந்த வேலையின் முழுச் செலவையும் கழித்துவிட்டுப் பேசுங்கள். விற்பவர் ஃபில்டரையும் திறக்க விடவில்லை, கேமராவும் விட விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் வந்துவிடுங்கள்.

படி 7: வாங்கிய பிறகு

ஆயில் சூடாகும்வரை என்ஜின் சுழற்சி (ஆர்பிஎம்) எல்லையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். கம்பெனி சொன்ன ஆயில் இடைவெளியைப் பாதியாக்குங்கள், ஒவ்வொரு முறையும் ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள். சும்மா நிறுத்தி வைப்பது காருக்கு ஓய்வு ஆகாது. சீல் காயும், பேட்டரி இறங்கும், கணினிகள் குழம்பும். வாரம் ஒரு முறையாவது ஆயில் நன்றாகச் சூடாகும் தூரம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பது ஓட்டாததைவிட மோசம், ஆயிலில் ஈரம்தான் சேரும்.

ஆரம்பத்தில் சொன்ன வேலையைச் செய்யும்போது பழைய பேரிங்கை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். நெருடாமல் சுற்றினால் உள்ளே துகள் போயிருக்க வாய்ப்புக் குறைவு. மணல் அரைபடுவது போல இருந்தால் ஆயில் தொட்டியையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். அப்புறம் அதை ஒரு பையில் போட்டு, பில்லை மடித்து உள்ளே வைத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி சர்வீஸ் புக்கோடு வைத்துவிடுங்கள். நாளைக்கு உங்களிடம் இந்தக் காரைக் கேட்டு வருபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.